மலை இருமுமா? கவிதை தரும் அறிவைப் பற்றி

போன பங்குனியில் ஒரு சாயங்காலம், சேலம் கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டு மொட்டைமாடி. அம்மா காய்ந்த வடகத்தைத் துணியிலிருந்து உரித்து முறத்தில் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா மகன், பொறியியல் மூன்றாம் வருஷம், கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்தான். நான் சும்மா நின்றிருந்தேன். எங்கள் மாடியிலிருந்து சேர்வராயன் மலை முழுசாகத் தெரியும், எதிர்வீட்டுக்காரர் மூன்றாவது மாடி கட்டுகிற வரைக்கும் தெரியும். அன்றைக்கு மலையின் இடுப்பில் ஓரிடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு எழும்பி, மேலே போகப் போகக் கலைந்துகொண்டிருந்தது.

"மாமா, காடு பத்திக்கிச்சு போல" என்றான் அவன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தார். "மலை பீடி பத்த வெச்சிருச்சு. ராத்திரி பூரா இருமப்போவுது பாரு" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்து வடகத்தை உரிக்க ஆரம்பித்துவிட்டார்.

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கட்டுரை முழுக்க அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பற்றியதுதான். கவிதை என்பது அழகாகச் சொல்வது, உணர்ச்சியாகச் சொல்வது, அதில் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன், அதாவது பத்து வருஷத்துக்கு முந்தைய எனக்காகவும்.

முதலில் அவன் சொன்னதை எடுத்துக்கொள்வோம். புகை தெரிகிறது, புகை இருந்தால் நெருப்பு இருக்கும், ஆகவே மலையில் நெருப்பு. இந்திய தருக்க நூல்களில் அடித்துத் துவைத்த எடுத்துக்காட்டு இதுதான். நியாய சாத்திரக்காரர்கள் அனுமானம் என்றால் என்ன என்று விளக்க வேண்டியபோதெல்லாம் ஒரு மலையையும் புகையையும்தான் கூப்பிடுவார்கள். தமிழில் இதற்குக் கருதல் என்று பெயர், கண்ணால் பார்ப்பது காண்டல். இந்த மாதிரி அறியும் வழிகளுக்கு அளவை என்ற பொதுப்பெயர் உண்டு, மணிமேகலையின் 27ஆம் காதையில் இப்படிப் பத்து அளவைகளின் பட்டியலே இருக்கிறது. அளவை என்ற சொல்லைக் கவனியுங்கள், படி, மரக்கால் மாதிரி. உலகத்தை அளந்து வாங்குகிற வேலை. அக்கா மகன் செய்தது சுத்தமான கருதல், சரியான கருதலும்கூட. கார்த்திகை மாதமாக இருந்திருந்தால் அது புகையாக இல்லாமல் வெறும் மூடுபனியாக இருந்து அவன் ஏமாந்திருக்கலாம், பழைய தருக்கக்காரர்கள் அந்த ஏமாற்றத்தையும் யோசித்து வைத்திருக்கிறார்கள். பங்குனியில் பனி ஏது? காய்ந்த புல்லும் சருகும் பற்றிக்கொள்கிற பருவம் அது.

அம்மா சொன்னது எந்த அளவையில் சேரும்?

எங்கள் அப்பா செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறையில் வேலை செய்தவர், கொலுசுக்குப் பற்றவைக்கிற வேலை. பகலெல்லாம் ஊதுகுழலும் நெருப்பும், அதற்கு நடுவில் பீடி. கடைசி ஐந்தாறு வருஷம் ராத்திரியில் இருமிக்கொண்டே இருப்பார். அந்த இருமலை நாங்கள் பிள்ளைகள் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டோம், அம்மா பக்கத்துக் கட்டிலில் கேட்டார். சொம்பில் வெந்நீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இருமல் இருக்கும்வரை ஒரு மாதிரி, அது சட்டென்று நின்றுவிட்டால் பயம் வேறு மாதிரி. எழுந்து போய் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பார்.

இப்போது மறுபடி அந்த வாக்கியத்தைப் படியுங்கள். மலை பீடி பத்த வெச்சிருச்சு, ராத்திரி பூரா இருமப்போவுது. இதில் நெருப்பைப் பற்றிய தகவல் எதுவும் புதிதாக இல்லை, எவ்வளவு பரப்பு எரிகிறது, யார் வைத்தது, எதுவும் இல்லை. மலைக்கு நுரையீரல் இல்லை என்பது அம்மாவுக்கும் தெரியும். ஆனால் அந்த வாக்கியம் காதில் விழுந்த நொடியில் தூரத்தில் இருந்த மலை பக்கத்துக் கட்டிலுக்கு வந்துவிட்டது. நமக்கு வேண்டிய ஒன்று ராத்திரி முழுக்கக் கஷ்டப்படப் போகிறது, நாம் கேட்டுக்கொண்டு கிடப்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாது என்பது எனக்கு அப்போது தெரிந்தது. அதை யாரும் எனக்கு நிரூபிக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி இரண்டு தடவை மாடிக்குப் போய்ப் பார்த்தேன், மலையில் சிவப்பாக ஒரு கோணல் கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. காட்டுத்தீயை நான் நாற்பது வருஷமாகப் பார்க்கிறேன், அதற்காகத் தூக்கம் கெட்டது அன்றைக்குத்தான்.

"அது ஃபீலிங் மாமா, நாலெட்ஜ் இல்ல" என்றான் அக்கா மகன், மறுநாள் இதைச் சொன்னபோது. நியாயமான மறுப்பு, பெரும்பாலானவர்கள் நிற்கிற இடமும் அதுதான். அறிவு ஒரு பக்கம், உணர்ச்சி ஒரு பக்கம், அறிவு உண்மையைச் சொல்லும், உணர்ச்சி நம்மைப் பற்றி மட்டும் சொல்லும்.

சரி, இந்தப் பிரிவினை எவ்வளவு உறுதியானது என்று பார்ப்போம். அப்பாவின் பட்டறைக்கே போகலாம். கொலுசில் இரண்டு வளையத்தை ஒட்ட வேண்டுமென்றால் இணைப்பில் வெண்காரம் தடவி, பற்றுப்பொடி வைத்து, ஊதுகுழலால் சுடரை அதன்மேல் ஊத வேண்டும். வெள்ளி 961 டிகிரி செல்சியஸில் உருகும், பொடி அதற்கு முன்னாலேயே உருகி ஓடிவிட வேண்டும். ஒரு கண்ணிமைப்பு தாமதித்தால் பொடியோடு கொலுசும் போச்சு. எப்போது சுடரை எடுக்க வேண்டும் என்று அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். "பார்த்தா தெரியும்" என்றார். என்ன தெரியும் என்றேன். "அதுதான், தெரியும்" என்றார். அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல முடியுமா? ஆயிரக்கணக்கான கொலுசுகள் அவர் அறிந்தவர் என்பதற்குச் சாட்சி. மைக்கேல் போலான்யி என்ற வேதியியலாளர், பின்னாளில் தத்துவத்துக்குப் போனவர், 1966இல் வந்த நூலில் இதைத்தான் சொன்னார்: நம்மால் சொல்ல முடிவதைவிட நாம் அறிந்திருப்பது அதிகம்.

அப்படியானால் வாயால் விளக்க முடியாதது, படிப்படியாக நிரூபிக்க முடியாதது என்பதாலேயே ஒன்று அறிவு இல்லை என்று தள்ளிவிட முடியாது. இந்த ஒரு கதவு திறந்தால் போதும்.

ஆனால் இங்கே ஒரு குழப்பம் வரும், அதைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் கை அறிந்ததும் அம்மாவின் வாக்கியம் அறிந்ததும் ஒரே வகை இல்லை. பட்டறை அறிவு ஒரு வேலையைச் செய்து முடிப்பதற்கானது, அது அவர் கையோடு போய்விட்டது. அம்மாவின் வாக்கியம் எந்த வேலையையும் முடிக்கவில்லை, எதிரில் இருக்கும் ஒன்றோடு நம்மைச் சேர்த்து உட்கார வைத்தது. அதோடு அது சொல்லில் இருக்கிறது, ஆகவே கைமாறும். எனக்கு வந்தது, இப்போது உங்களுக்கும் கொஞ்சம் வந்திருக்கலாம். கவிதை அறிவு என்று நான் சொல்வது இதை. ஒன்றைப் பற்றித் தெரிந்துகொள்வதாக இல்லாமல் அதனோடு இருந்து தெரிந்துகொள்வது.

தமிழில் இதைப் பேசுவதற்கு வெளியூரிலிருந்து சொல் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. பள்ளியில் தொல்காப்பியம் என்றால் மனப்பாடப் பகுதி. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை, எட்டும் எழுதினால் மதிப்பெண். இந்த எட்டுக்கும் பொதுப்பெயர் மெய்ப்பாடு. மெய் என்றால் உடம்பு. மெய் என்றால் உண்மை. ஒரே சொல்லில் இரண்டையும் வைத்துக்கொண்டு இரண்டாயிரம் வருஷமாகப் புழங்குகிறோம், அதை ஒருமுறை நின்று பார்ப்பதே இல்லை. தொல்காப்பியத்தின் செய்யுளியலில் மெய்ப்பாடு என்றால் என்ன என்று ஒரு நூற்பா சொல்கிறது. அதில் வருகிற சொல் "உய்த்துணர்வின்றி". உய்த்துணர்வது என்றால் ஒன்றிலிருந்து இன்னொன்றை யோசித்துக் கண்டுபிடிப்பது, அதாவது புகையிலிருந்து தீயைப் பிடிப்பது. அப்படி யோசித்துப் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் தானாக வந்து சேர்கிற பொருளை "மெய்ப்பட முடிப்பது மெய்ப்பாடாகும்" என்கிறது நூற்பா. உடம்பில் படும்படியாக முடிப்பது. அக்கா மகன் செய்தது உய்த்துணர்வு, எனக்கு நடந்தது உய்த்துணர்வு இல்லாமல் வந்தது. இலக்கணக்காரர் கோடு கிழித்துவிட்டார், கதை முடிந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. மெய்ப்பாட்டியலின் கடைசி நூற்பாவில், கண்ணாலும் காதாலும் "திண்ணிதின் உணரும் உணர்வுடை மாந்தர்க்கு" அல்லாமல் மற்றவர்களுக்கு இது எட்டாது என்று வருகிறது. திண்ணிதின் என்ற சொல்தான் எனக்குப் பிடித்தது. உணர்ச்சி என்றால் மங்கலானது, வழவழா கொழகொழா என்று நாம் நினைக்கிறோம், அவரோ திண்ணென்று, கெட்டியாக, கல்லைப் பிடிப்பது மாதிரி உணர வேண்டும் என்கிறார். உணர்தல் என்ற வினையே பழைய தமிழில் உணர்ச்சிக்கு மட்டும் உரியது இல்லை. "ஓதி உணர்ந்தும்" என்று குறளில் வரும்போது அது படித்து அறிவதைத்தான் சொல்கிறது. ஆறறிவு என்கிறோமே, அந்தப் பட்டியலும் தொல்காப்பியத்தில் "உற்றறிவதுவே", அதாவது தொட்டு அறிவது என்றுதான் தொடங்குகிறது. தொடுவதற்கே அறிவு என்று பெயர் கொடுத்துவிட்டு, நாக்கு, மூக்கு, கண், காது என்று ஏறி, கடைசியில் "அவற்றொடு மனனே" என்று முடிகிறது. ஐந்தையும் உதறிவிட்டு மனசு தனியாக வருவதாகச் சொல்லவில்லை, அவற்றோடு வருகிறது.

இவ்வளவும் இலக்கணம். ஒரு கவிதையை எடுத்துப் பார்க்காமல் இதைப் பேசிக்கொண்டே போவது பானகத்தைக் குடிக்காமல் பானகத்தைப் பற்றிப் பேசுவது மாதிரி. நம் பக்கத்துக் கவிதையாகவே எடுப்போம். தகடூர் அதியமான் ஆண்ட ஊர் இன்றைய தருமபுரி, இங்கிருந்து பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம், 1965 வரைக்கும் அது சேலம் மாவட்டமாகவே இருந்தது. அவன் இறந்தபோது ஔவையார் பாடியது புறநானூற்றில் 235ஆம் பாட்டு. இப்படித் தொடங்கும்:

சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே
பெரியகட் பெறினே
யாம்பாடத் தான்மகிழ்ந் துண்ணும் மன்னே

கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடப் பாடத் தானும் சேர்ந்து குடிப்பான். கறி இருக்கிற இடத்தையெல்லாம் எங்களுக்குக் கொடுப்பான், அம்பும் வேலும் வருகிற இடத்திலெல்லாம் தான் நிற்பான். நரந்தம் மணக்கும் தன் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவிக்கொடுப்பான். ஒவ்வொன்றின் முடிவிலும் "மன்னே" வருகிறது, ஏழு தடவை. மன் என்பது தனியாக நிற்காத இடைச்சொல், இங்கே அதற்குக் கழிவுப் பொருள், அதாவது "அப்படியெல்லாம் இருந்தது, இனி இல்லை". இழவு வீட்டில் ஒப்பாரி கேட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது. செத்தவரின் பெருமையைப் பொதுவாகச் சொல்ல மாட்டார்கள், அவர் உட்கார்ந்த திண்ணையை, கட்டிய கரை வேட்டியை, யாருக்கு எதை எடுத்து வைத்தார் என்பதைச் சொல்லிச் சொல்லி ஒவ்வொன்றுக்கும் ஒரு இழுப்பு இழுப்பார்கள், அந்த இழுப்பில்தான் கூட்டம் உடையும்.

இதற்கு அப்புறம் வருவதுதான் நமக்கு வேண்டியது. அவன் மார்பில் பாய்ந்த வேல் எங்கே போயிற்று என்று ஔவை சொல்கிறார். அது பாணர்களின் அகன்ற உண்கலத்தில் துளை போட்டது, பிச்சைக்கு நீட்டியவர்களின் கைக்குள்ளே புகுந்து போனது, அவனை நம்பி வாழ்ந்தவர்களின் கண்மணியில் ஒளி மங்கியது, கடைசியில் நுட்பம் தெரிந்த புலவர்களின் நாக்கில் போய் விழுந்தது.

அளவையால் இதை அளந்து பாருங்கள். பொய். ஒரு வேல், ஒரு மார்பு, ஒரு சாவு. மார்பில் பட்ட வேல் பாணனின் சட்டியில் எப்படித் துளை போடும்? "அதியமான் இறந்ததால் அவனைச் சார்ந்திருந்த பாணர்களும் இரவலர்களும் புலவர்களும் பாதிக்கப்பட்டனர்" என்று எழுதினால் உண்மை, தேர்வுக்கு இதைத்தான் எழுதினோம், முழு மதிப்பெண்ணும் வாங்கினோம். அந்த வாக்கியத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வேல் சட்டிக்குள் நுழைந்து, கைக்குள் நுழைந்து, கண்ணைத் தொட்டு, நாக்கில் விழும்போது, நான்கு இடத்தில் அது என்னையும் குத்திக்கொண்டு போகிறது, ஒருவன் சாவில் எத்தனை பேருடைய சோறும் கையும் வார்த்தையும் சாகின்றன என்பது அப்போதுதான் திண்ணென்று தெரிகிறது. எண்ணிக்கையாகத் தெரியவில்லை, துளையாகத் தெரிகிறது. வரிசையையும் பாருங்கள், முதலில் பாத்திரம், பிறகு கை, பிறகு கண், பிறகு நாக்கு. பொருளில் தொடங்கி உடம்புக்குள் வந்துகொண்டே இருக்கிறது.

"கவிஞர் கூற வரும் கருத்து யாது?" என்ற கேள்வியின்மேல் எனக்கு உள்ள கோபம் இங்கிருந்து வருவதுதான். கருத்து என்று ஒன்றைப் பிழிந்து எடுத்துவிட்டு மிச்சத்தைச் சக்கை என்று போட்டுவிடுகிற கேள்வி அது. மேலே எழுதிய தேர்வு வாக்கியம்தான் பிழிந்தது, வேல் சக்கையாகிவிட்டது.

பானகம் என்று சொன்னேனே, அது என் உவமை இல்லை. காஷ்மீரத்து அபிநவகுப்தர், ஆயிரம் வருஷத்துக்கு முந்தியவர், ரசம், அதாவது கவிதையிலும் நாடகத்திலும் கிடைக்கிற சுவை, என்றால் என்ன என்று விளக்கும்போது பானகத்தைத்தான் எடுக்கிறார். வெல்லம் தனி, மிளகு தனி, கலந்து குடிக்கும்போது வருகிற ருசி வெல்லத்திலும் இல்லை, மிளகிலும் இல்லை. கோடையில் தேர்த் திருவிழா நேரம் பந்தலில் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கவிதையின் அறிவும் குடித்தால்தான் வரும், செய்முறைக் குறிப்பைப் படித்தால் வராது. அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னால் அதே காஷ்மீரத்தில் ஆனந்தவர்த்தனர் சொன்னது தொனி: சொல்லாமல் தொனிக்கிற பொருள்தான் கவிதையின் உயிர். கங்கையில் ஒரு சேரி என்றால் ஆற்றுக்குள் யாரும் குடியிருப்பதில்லை, ஆனால் அந்தச் சொல்லிலேயே குளுமை வந்துவிடுகிறது. எங்கள் தெருக்காரர்கள் "எங்க வீடு மூக்கனேரிலதான்" என்று சொன்னால் குளுமையும் தொனிக்கும், கொசுவும் தொனிக்கும். பட்டறைக்காரர்கள் இதைவிடச் சுருக்கமாக வைத்திருக்கிறார்கள், பொடி வைத்து ஊதுவது. இரண்டு வளையத்தை ஒட்டுகிற பொடி வெளியே தெரியவே கூடாது, தெரிந்தால் வேலை மோசம். பேச்சில் பொடி வைப்பது என்று நாம் சொல்வது அங்கிருந்து வந்ததுதான்.

மேற்கே இதை எப்படிப் பேசினார்கள் என்று வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிளேட்டோ கவிஞர்களை நம்பவில்லை, அவர்கள் அறிந்து பாடுவதில்லை, ஆவேசம் வந்து பாடுகிறார்கள் என்றார், தம் கற்பனை நாட்டிலிருந்து அவர்களை வெளியே அனுப்பினார். நம் ஊரில் சாமி வந்து சொல்வதைக் கைகட்டிக் கேட்போம், அவருக்கு அதுவே குற்றமாகப் பட்டது. 1735இல் பௌம்கார்ட்டன் என்ற ஜெர்மானியர், புலன்வழி அறிவுக்கு என்று தனியாக ஒரு துறை வேண்டும் என்று சொல்லி அதற்குப் பெயரும் வைத்தார், இன்றைக்கு நாம் அழகியல் என்பது அதைத்தான். 1817 டிசம்பரில் ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் தன் தம்பிகளுக்கு எழுதிய கடிதத்தில், உடனே காரணத்தையும் விடையையும் பிடுங்கப் போகாமல் நிச்சயமின்மைக்குள் அமைதியாக இருக்கத் தெரிவதுதான் பெரிய கவிஞனின் திறமை என்று எழுதினார். அப்போது அவருக்கு வயது 22. மூவரில் எனக்கு உபயோகப்பட்டவர் அவர்தான், ஏனென்றால் அவர் சொல்வது கவிஞனுக்கு மட்டும் இல்லை, படிப்பவனுக்கும் பொருந்தும். புரியவில்லை என்றதும் உரையைத் திறக்கிற கையைக் கொஞ்ச நேரம் கட்டி வைப்பது.

இனி எச்சரிக்கை. இது காரண அறிவுக்கு எதிரானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் எதையோ விற்க வந்தவர்கள். அப்பாவுக்கு இருமல் வந்தபோது தேவைப்பட்டது எக்ஸ்ரே, கவிதை இல்லை. நாங்கள் எக்ஸ்ரே எடுக்கப் போனதே தாமதம், அது வேறு கதை. காடு எரியும்போது மலை இருமுகிறது என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் காடு போய்விடும், புகை எங்கிருந்து வருகிறது என்று கருதிப் பார்த்துத் தகவல் சொல்கிறவன் வேண்டும். அன்றைக்குக் கைப்பேசியில் தகவல் சொன்னவன் அக்கா மகன்தான், நான் இல்லை.

கவிதை பொய்யும் சொல்லும். இதை யாரும் தொடக்கத்திலேயே சொல்லித் தருவதில்லை. மேடையில் அடுக்குமொழி கேட்டு மயிர்க்கூச்செறிந்து, வீட்டுக்கு வந்து யோசித்தால் உள்ளே ஒன்றுமே இல்லாமல் இருந்த அனுபவம் நம் எல்லாருக்கும் இருக்கும். உடம்பு சிலிர்த்தது உண்மை, ஆனால் எதை அறிந்தோம்? நான் வைத்துக்கொண்டிருக்கிற சோதனை எளிமையானது. படித்த பிறகு அந்தப் பொருளை மறுபடி பார்க்கும்போது அது கூடுதலாகத் தெரிகிறதா, குறைவாகத் தெரிகிறதா என்று கவனிப்பேன். அம்மாவின் வாக்கியத்துக்குப் பிறகு எனக்கு மலை கூடுதலாகத் தெரிகிறது. அடுக்குமொழிக்குப் பிறகு பேசியவரின் முகம் மட்டும்தான் நினைவிருக்கிறது. கள்ளப் பொடி வைத்த கொலுசு இரண்டு மாதத்தில் விட்டுவிடும், அப்பா சொல்வார். காலில் போட்டு நடந்து பார்த்தால்தான் தெரியும்.

தொடங்க விரும்புகிறவர்களுக்கு: ஒரே ஒரு பாட்டு போதும், சின்னதாக. மேலே சொன்ன ஔவையே போதும். முதலில் வாய்விட்டுப் படியுங்கள், வீட்டில் யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். சொல்லுக்குப் பொருள் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும், நரந்தம் என்பது மணமுள்ள ஒன்று என்று தெரியாமல் அந்தக் கை மணக்காது. கருத்துரையை மட்டும் கடைசிக்குத் தள்ளுங்கள். எந்த இடத்தில் உடம்பில் ஏதோ ஆயிற்று, தொண்டையிலா, வயிற்றிலா என்று பாருங்கள், அந்த இடத்துக்குத் திரும்பிப் போய் எந்தச் சொல் அதைச் செய்தது என்று தேடுங்கள். ஒன்றுமே ஆகவில்லையா, மூடி வைத்துவிட்டு அடுத்த வருஷம் வாருங்கள். எனக்கு "மன்னே" அப்பா இறந்த பிறகுதான் கேட்டது. அதற்கு முன்னால் பதினைந்து வருஷமாக அது பொருள் இல்லாமல் சும்மா நிற்கிற அசைநிலை மாதிரிதான் இருந்தது.

சித்திரை பிறந்து ஒரு நல்ல மழை பெய்தது, மலையில் மிச்சம் மீதி இருந்த நெருப்பும் அணைந்தது. காப்பிச் செடிக்கு அது பூ மழை. மொட்டுகள் மாசக்கணக்கில் உறங்கிக்கொண்டிருக்கும், ஒரு அங்குலம்போல மழை விழுந்தால் எட்டுப் பத்து நாளில் தோட்டம் முழுக்க ஒரே நேரத்தில் வெள்ளையாகிவிடும், இரண்டு மூன்று நாளில் வாடியும் விடும். நாள் கணக்குப் பார்த்து அக்கா மகனையும் கூட்டிக்கொண்டு ஏற்காடு போனேன். இருபது கொண்டை ஊசி வளைவையும் பலகை பார்த்து எண்ணிக்கொண்டே வந்தான். மேலே ஒரு தோட்டத்து வேலி ஓரமாக வண்டியை நிறுத்தினோம். மணம் முதலில் வந்தது, பூ பிறகுதான் கண்ணில் பட்டது.

"மல்லிகை மாதிரி இருக்கு மாமா" என்றான். கொஞ்ச நேரம் நின்றான். "இல்ல, மாதிரி இல்ல" என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்துக் கடையில் டீ வாங்கிக்கொண்டு திட்டில் உட்கார்ந்தபோது அவனே பழைய பேச்சை எடுத்தான். அந்தப் பாட்டைப் படித்திருக்கிறான் போலிருக்கிறது, எனக்குத் தெரியாமல்.

"மாமா, அந்த வேல் கடைசில புலவரோட நாக்குல விழுந்துச்சுல்ல."

"ஆமா."

"அப்போ ஔவையார் நாக்குலயும்தானே விழுந்திருக்கணும். அப்புறம் எப்படி அவங்க இதப் பாடினாங்க?"